மதியத்தில் தூங்கிய செடிகள்

நம் வயதில் காலை நேரத்துத் தொலைபேசி இரண்டு வகைச் செய்திகளைத்தான் கொண்டுவரும். யாரோ போய்ச் சேர்ந்திருப்பார்கள், அல்லது யாருக்கோ கண்புரை எடுத்தது நல்லபடியாக முடிந்திருக்கும். உங்கள் வீடுகளிலும் இப்படித்தான் இருக்கும். அதனால் அன்று கைபேசி அடித்தபோது நான் அவசரப்படவில்லை. பாலை இறக்கி வைத்து, அடுப்பை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டுதான் எடுத்தேன்.

"தக்காளி பச்சையா வாடுது" என்றது ஒரு பெண் குரல். "உச்சியில தலை தொங்குது. பொழுது சாஞ்சா எந்திரிச்சிக்குது. கொஞ்ச நாள் இப்படி ஆட்டங்காட்டிட்டு அப்புறம் எந்திரிக்கிறதே இல்ல. இது என்னான்னு உனக்குத்தான் தெரியும்."

யார் என்று அவள் சொல்லவில்லை. எனக்கும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்துக் கொல்லை மாமாவின் மகள். எங்கள் பக்கத்தில் காடு, தோட்டம் எல்லாவற்றுக்கும் கொல்லை என்றே பெயர், பேச்சில் கொல்லி. கர்நாடகப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவள், கணவர் இறந்தபின் தன் அப்பாவின் நிலத்துக்கே திரும்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"நான் ரிடையர் ஆயிட்டேன் புள்ள" என்றேன்.

"நோவு ரிடையர் ஆவலியே."

அவளே தொடர்ந்தாள். "வாடறது எங்கொல்லி இல்ல. உங்க கொல்லி. எங்கொல்லி நல்லா நிக்குது. அதான் கஷ்டமே. ஊர்ல மறுபடியும் அதே பேச்சை எடுத்துட்டாங்க."

எந்தப் பேச்சு என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டுமானால் நான் ஒன்பது வயதுக்குப் போக வேண்டும். நாம் இப்போது அங்கே போவதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே, பாதிக் கண் செருகியிருக்கும்போது. அந்தப் பருவமும் எனக்கு அப்படித்தான் நினைவில் இருக்கிறது. வெயில் வெள்ளையாய் இறங்கும் ஒரு நீண்ட மதியமாக.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். இரண்டு கொல்லைக்கும் நடுவில் ஒரு பொதுக் கிணறு. ஒரு நாள் மாமாவின் முறை, மறுநாள் எங்கள் முறை. வாய்க்கால் மாமாவின் கொல்லை ஓரமாகவே வந்து எங்கள் கொல்லையில் முடியும். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், அவர்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். ஆனாலும் அப்பாவும் அவரும் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். எந்த வழி உறவு என்று கேட்டால் இருவருமே கிணற்றைக் காட்டுவார்கள்.

அந்த வருடம் அப்பா வெளியூரிலிருந்து தக்காளி நாற்று வாங்கி வந்தார். ஈரச் சாக்கில் சுற்றி, பஸ் கூரையில் ஏற்றி, ஒரு மாப்பிள்ளையை அழைத்து வருவதுபோல் கொண்டுவந்தார். காய் ஒவ்வொன்றும் கைக்கு அடங்காது என்று விற்றவன் சொன்னானாம். மாமா வழக்கம்போல் தன் சொந்த விதையில் நாற்று விட்டிருந்தார். அதில் சின்னக் காய்கள்தான் வரும்.

"உன் நாத்து கல்யாண வூட்டுக்கு, என் நாத்து ரசத்துக்கு" என்றார் மாமா.

நோய் பார்ப்பதே பிற்பாடு என் பிழைப்பானது. செடிகளின் நோய். அந்தப் புத்தியோடு இப்போது அந்தச் சாக்கைப் பார்த்தால், அதன் ஒவ்வொரு இழையிலும் என்ன இருந்திருக்கும் என்று எழுதியே கொடுக்க முடியும். அன்று அது நல்ல மண் வாசனை அடித்தது. அதில் மூக்கை வைத்து மோந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செடிகள் முழங்கால் உயரம் வந்து, பூ விட்டு, பச்சைக் காய் தொங்கத் தொடங்கியபோதுதான் அவை தூங்க ஆரம்பித்தன. நாங்கள்தான் முதலில் கண்டுபிடித்தோம், நானும் மாமாவின் மகளும். உச்சி வெயிலில் பெரியவர்கள் புளிய மரத்தடியில் சாய்ந்திருக்கும்போது நாங்கள் வரிசைக்குள் நுழைவோம். தக்காளி இலையில் உரசினால் கையெல்லாம் பச்சை மஞ்சளாய் ஒட்டும். கழுவினாலும் போகாத ஒரு நெடி. அந்த நெடிக்கு நடுவில் இங்கொன்றும் அங்கொன்றுமாய்ச் சில செடிகள் மட்டும் இலையை மடக்கிக்கொண்டு, கழுத்தைத் தொங்கவிட்டு நிற்கும். மற்றவை முழித்துக்கொண்டிருக்கும்.

"இது தூங்குது. சத்தம் போடாத" என்பாள் அவள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில், தூங்கும் செடிகளைத் தாண்டிப் போவோம். சாயங்காலம் வந்து பார்த்தால் அவை எழுந்து நிற்கும். எங்கள் பேச்சைக் கேட்டுத்தான் எழுந்தன என்று நினைத்துக்கொள்வோம். மாமாவின் கொல்லையில் ஒன்றுகூடத் தூங்கவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

அப்புறம் சில செடிகள் சாயங்காலத்திலும் எழவில்லை. இலை மஞ்சளாகவில்லை, கருகவில்லை, பூச்சி இல்லை. பச்சையாகவே, யாரோ அடியில் கிள்ளிவிட்டதுபோலச் செத்தன. அப்பா கூடுதலாகத் தண்ணீர் விட்டார். தண்ணீர் போன வழியே சாவும் வரிசை வரிசையாகப் போனது.

அப்பாவுக்கு அந்தத் தக்காளி வெறும் வெள்ளாமை இல்லை. வெளியூர் நாற்று என்று ஊரே சிரித்தபோது, பறிக்கும்போது பாருங்கள் என்று சொல்லி வைத்திருந்தார். அப்படிச் சொல்லிவிட்ட மனிதருக்குத் தன் நாற்றைச் சந்தேகிக்க வராது. அவர் தண்ணீரைச் சந்தேகப்பட்டார். தண்ணீர் யார் கொல்லை ஓரமாக வருகிறதோ அவரைச் சந்தேகப்பட்டார்.

அம்மாதான் சொல்லி அனுப்பி விவசாய ஆபீசரை வரவழைத்தாள். மடக்குக் குடையும் தோல்பையுமாக வந்த மெலிந்த மனிதர். வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்க அம்மா கண்ணாடி கிளாஸை எடுத்தாள். எங்கள் வீட்டில் இருந்த ஒரே கண்ணாடி கிளாஸ் அது, வாயோரத்தில் மெல்லிய பச்சைக் கோடு போட்டது. வருடத்துக்கு ஒருமுறை வீடு மந்திரிக்க வரும் மாதா கோயில் சாமியார் மட்டும்தான் அதில் குடிப்பார். மற்ற நாட்களில் அது மாதா படத்துக்குப் பின்னால் இருக்கும்.

ஆபீசர் தண்ணீரைக் குடிக்கவில்லை. பேனாக்கத்தியால் ஒரு வாடிய செடியின் தண்டை அடியில் சாய்வாக வெட்டினார். சாக்கு நூலால் ஒரு ஈர்க்கில் கட்டி, ஈர்க்கைக் கிளாஸின் வாய் மீது குறுக்காக வைத்து, வெட்டின நுனி மட்டும் தண்ணீரில் படும்படி தொங்கவிட்டார்.

"யாரும் ஆட்டாதீங்க. பாத்துட்டே இருங்க" என்றார்.

நான் தரையில் உட்கார்ந்து, கண் கிளாஸுக்கு நேராக வரும்படி தலையைச் சாய்த்துக்கொண்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வெட்டின நுனியிலிருந்து ஒரு வெள்ளை நூல் இறங்கியது. ஊதுபத்திப் புகையைத் தலைகீழாக விட்டதுபோல, அவ்வளவு மெதுவாக. அடியைத் தொட்டதும் சுருண்டு படுத்தது. பின்னாலேயே இன்னொன்று. வெயில் ஜன்னல் வழியாகக் கிளாஸைத் தொட்டுக்கொண்டிருந்தது. அத்தனை அழகான ஒன்றை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அதன்பின் ஆய்வகத்தில் எத்தனையோ முறை பார்த்தும், ஒவ்வொரு முறையும் ஒரு கணம் வேலையை மறந்துதான் போனேன்.

"பாக்டீரியாங்க" என்றார் ஆபீசர். "கண்ணுக்குத் தெரியாத கிருமி. தண்டுக்குள்ள பூந்து தண்ணி ஏறற வழிய அடைச்சிடும். அதான் பச்சையா வாடுது. இதுக்கு மருந்து கெடையாது. புடுங்கி எரிச்சிடுங்க. கொஞ்ச வருசத்துக்கு தக்காளி, கத்தரி, மொளகா எதுவும் வேணாம். கேழ்வரகு, சோளம்னு மாத்துங்க."

சொன்னதெல்லாம் சரி. ஒரு வார்த்தை பிசகில்லை. நான் பிற்காலத்தில் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்குச் சொன்னதும் இதையேதான். ஆனால் சோதனை முடிந்ததும் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொட்ட வேண்டும் என்ற கடைசி வரியை அவர் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். கிளாஸ் ஜன்னலடியிலேயே இருந்தது.

மருந்து கிடையாது என்ற சொல்தான் அப்பாவின் காதில் நின்றது.

"நோவுன்னா அதுக்கு ஒரு மருந்து இருக்கும்" என்றார் அம்மாவிடம். "மருந்தே இல்லன்னு கவர்மெண்ட் ஆளே சொல்றான்னா அது மனுசன் பண்ணது. பாலு எறங்குது பாத்தியா? எருக்கம்பாலு. எருக்க ஒடைச்சி வாய்க்கால்ல உட்டிருக்கறான்."

"எருக்கம்பாலு நாறுமேங்க" என்றாள் அம்மா.

"நாறாம உடத் தெரியாதா அவனுக்கு?"

காலையில் கிளாஸில் இருந்தது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், நற்கருணை எடுத்துப் போகிறவரைப்போல அப்பா கிணற்றடிக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். பார்த்தவர்களும் வந்தார்கள். ஊர்ப் பெரியதனக்காரரும் பல் விளக்கிய குச்சியோடு வந்து நின்றார்.

மாமா வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அப்பா சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை என்று பார்த்தபின் அவர் முகம் மாறியது.

"மச்சான், நான் உன் தண்ணியில பாலு உடற ஆளா?"

"என் செடிதான் சாவுது. உன் செடி நிக்குதே."

"நிக்கறது என் குத்தமா? சரி, அம்மன் கோயில்ல கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்றேன், வா."

"உங்க சாமிகிட்ட நீ சொன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப உங்க மாதாகிட்டயே பண்றேன். பண்ண உடுவியா?"

சாமியார் சர்ச்சில் அதையெல்லாம் அனுமதிக்க மாட்டார் என்று அப்பாவுக்கே தெரியும். பெரியதனக்காரர்தான் குச்சியைத் துப்பிவிட்டுப் பேசினார்.

"ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு சாமி வேணும்னா அது நெலந்தான். பழைய மாதிரி பண்ணிடுங்க."

கிணற்று முறைத் தகராறுகளுக்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. வழக்கில் உள்ள தண்ணீரைக் குற்றம் சாட்டப்பட்டவர் தன் மண்ணில் தன் கையாலேயே விட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். பொய் என்றால் மண் காட்டிக்கொடுக்கும். அதுவரை கிணற்றுத் தண்ணீர்தான் அப்படி விடப்பட்டிருந்தது. அதனால் எந்த மண்ணும் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை. மிக நல்ல வழக்கம்.

மாமாவின் மண்வெட்டி கொல்லையின் மறுகோடியில் கிடந்தது. அவர் எங்கள் மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். தன் கொல்லையின் முதல் வரிசையில், வாய்க்கால் நுழையும் இடத்தில் இருந்த செடிகளின் அடியைச் சுற்றிக் கொத்திவிட்டார். சத்தியத்துக்கு மண் திறந்திருக்க வேண்டுமாம். அப்புறம் கிளாஸை வாங்கினார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நான் விசம் உட்டிருந்தா என் வெள்ளாமை பச்சையா சாவட்டும்" என்று சொல்லி, ஒவ்வொரு செடியின் காலிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்.

ஆய்வகத்தில் ஒரு நல்ல செடிக்கு இந்த நோயைக் கொடுத்துச் சோதிக்க வேண்டுமானால், வேரில் லேசாகக் காயம் பண்ணி, கிருமி பெருகிய நீரை அடியில் ஊற்ற வேண்டும். நான் அதைப் பலமுறை செய்திருக்கிறேன். மாமாவைவிட நேர்த்தியாக ஒருமுறையும் செய்ததில்லை.

அன்று மதியம் அவருடைய செடிகள் தூங்கவில்லை. மறுநாளும் தூங்கவில்லை. அப்பா சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடி செருமினார். மாமா உள்ளே வரச் சொல்லவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு வாசலுக்கே கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இருவரும் சேர்ந்து தின்றார்கள். அத்தனை சமாதானமான நாட்கள் எங்கள் இரண்டு வீட்டுக்கும் அதற்கு முன்பும் வாய்த்ததில்லை.

கிளாஸ் மாமாவின் கையோடு அவர் வீட்டுக்குப் போய்விட்டது. அத்தை அதைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தாள். வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது எங்கள் பக்கத்து மரியாதை. அவர்களுடைய மாடு சினையாக இருந்தது. "கன்னு போடட்டும். சீம்பாலு ஊத்திக் குடுத்தனுப்பறேன்" என்று அத்தை அம்மாவிடம் சொன்னாள்.

மாடு கன்று போடுவதற்குள் மாமாவின் முதல் வரிசை தூங்கத் தொடங்கிவிட்டது.

சரியாக அவர் ஊற்றிய இடத்தில். பிறகு தண்ணீர் போகும் வழியில், ஒவ்வொன்றாக. நாங்கள் இருவரும் நுனிக்காலில் நடந்து பார்த்தோம். இந்தமுறை அவள், சத்தம் போடாதே என்று சொல்லவில்லை. ஒரு செடியைத் தோளைப் பிடித்து உலுக்குவதுபோல் உலுக்கினாள். எந்திரி, எந்திரி என்றாள்.

ஊர் எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. தேவைப்படவில்லை. நிலமே சொல்லிவிட்டதாக எல்லோரும் நம்பினார்கள். அதன்பிறகு மாமா வந்தால் டீக்கடையில் பேச்சு கொஞ்சம் தணியும். விதைப்புக்கு நல்ல கை என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் வேறு கையைத் தேடிக்கொண்டார்கள். அப்பா வெற்றி பெற்றவராய் இருந்தார். அதில் அவருக்குச் சந்தோஷம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. சாயங்காலம் செருமிக்கொண்டு வாசலில் நிற்பார், எங்கள் வாசலிலேயே.

மாமா ஒருமுறை கிணற்றடியில் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். "நான் தெரிஞ்சி ஒன்னும் பண்ணலம்மா. தெரியாம என்ன பண்ணேன்னுதான் தேடிட்டிருக்கறேன்."

அம்மா குடத்தை இடுப்பில் வைத்தபடியே நின்றாள். "நெலம் பொய் சொல்லாதுண்ணா" என்றாள், ஆறுதலாகத்தான் சொன்னாள். அதைவிடக் கொடுமையான ஒன்றை அவள் வாழ்நாளில் யாரிடமும் சொன்னதில்லை.

தெரியாமல் செய்த பாவம் போக அவர் ஒகேனக்கல்லுக்குப் போய் முழுகிவிட்டு வந்தார், மகளையும் கூட்டிக்கொண்டு. அவள் எனக்காக வாழையிலைத் துண்டில் வறுத்த மீன் கொண்டுவந்திருந்தாள். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றிருந்ததால் வரப்பின் மேல் வைத்துவிட்டு, தூரமாகப் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். நான் போய் எடுத்துத் தின்றேன். ஆறிப்போய், மிளகாய்க் காரத்தோடு, கொஞ்சம் மண்ணும் சேர்ந்து நறநறவென்று இருந்தது. அந்த ருசிக்கு ஈடாக எதையும் எந்த மாநாட்டு விருந்திலும் எனக்குப் பரிமாறவில்லை.

மாமா அதன்பிறகு தக்காளியைத் தொடவில்லை. தனக்குத் தகுதியில்லை என்று விட்டுவிட்டார். கேழ்வரகு போட்டார், சோளம் போட்டார், மறுபடி கேழ்வரகு. வருடக் கணக்கில் அதையே செய்தார். ஆபீசர் சொன்ன பரிகாரத்தை எங்கள் ஊரில் ஒருவர் மட்டும், அதைக் காதாலும் கேட்காமல், தண்டனை என்று நினைத்துக்கொண்டு அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினார். அவர் மண் தேறிவிட்டது.

அப்பாவுக்கோ எதையும் மாற்ற வேண்டிய அவசியமே தோன்றவில்லை. குற்றவாளி பிடிபட்டாகிவிட்டது, தண்ணீர் சுத்தமாகிவிட்டது. அடுத்த வருடமும் தக்காளி வைத்தார். அதற்கடுத்து கத்தரி. இரண்டும் பச்சையாகவே செத்தன. இந்தமுறை குற்றம் சாட்ட யாரும் மிச்சமில்லாததால் விதி என்று சொல்லிக்கொண்டார்.

நான் படிக்கப் போனேன். கல்லூரியில் ஒரு காலை, ஆசிரியை ஒரு வாடிய தண்டை வெட்டிக் கிளாஸில் தொங்கவிட்டு, ஆட்டாதீர்கள் என்றார். வெள்ளை நூல் இறங்கியது. நான் எழுந்து வராந்தாவுக்குப் போய் நின்றேன். விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் முதல் வேலையாக மாமா வீட்டுக்குத்தான் நடந்தேன். வீடு பூட்டியிருந்தது. மாமா அந்த வருட மழைக்கு முன்பே இறந்துவிட்டார் என்றும், மகளைத் தூரத்தில் கட்டிக்கொடுத்து அத்தையும் அவளோடே போய்விட்டாள் என்றும் அம்மா சொன்னாள். நான் அப்பாவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"படிச்சவளுக்கு எதைப் பாத்தாலும் கிருமிதான்" என்றார். ஆனால் அன்றிரவு சாப்பிடவில்லை.

இதுதான் பழைய கதை. இனி அந்தத் தொலைபேசி.

பஸ் விட்டு இறங்கியபோது அவள் நிறுத்தத்திலேயே நின்றிருந்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. காலில் ஆண்கள் போடும் செருப்பு.

"ஆபீசரம்மா வந்துட்டாங்க. குடை எங்க?" என்றாள்.

எங்கள் கொல்லையை என் தம்பி குத்தகைக்கு விட்டிருக்கிறான். எடுத்திருப்பவன் அந்தப் பெரியதனக்காரரின் பேரன், நாற்பதைத் தாண்டியவன். கொல்லையின் வரப்பிலேயே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து காத்திருந்தான். ஒருபக்கம் அவன் தக்காளி கழுத்தைத் தொங்கவிட்டுக் கிடந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் அவளுடைய தக்காளி நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

"நான் யாரையும் குத்தம் சொல்லலீங்கம்மா" என்றான் என்னிடம். "ஆனா ஒரே தண்ணி, ஒரே மண்ணு. இவங்களுது மட்டும் எப்படிங்க நிக்குது? ஊர்ல பெரியவங்க என்னென்னமோ சொல்றாங்க. இவங்கப்பா காலத்துலயே…"

"சொல்லு. நிறுத்தாத" என்றாள் அவள். "சத்தியம் பொய்ச்ச வூட்டுப் பொண்ணுன்னு மாமியா வூட்டு வரைக்கும் வந்துச்சி அந்தப் பேச்சு. நீ சொல்லியா புதுசா நோவப்போவுது."

நான் அவள் செடி ஒன்றின் அடியைப் பார்த்தேன். தண்டில் ஒட்டுப்போட்ட தழும்பு. கீழே சுண்டை வேர், மேலே தக்காளி. மருமகன் சொல்லி நர்சரியில் வாங்கினாளாம். சுண்டை வேருக்குள் அந்தக் கிருமி சுலபத்தில் புகுந்துவிட முடியாது.

"ஒரு கிளாஸ்ல நல்ல தண்ணி கொண்டா" என்றேன். "கண்ணாடி கிளாஸா."

அவள் போய் வந்தாள். வாயோரத்தில் மெல்லிய பச்சைக் கோடு. அங்கங்கே அழிந்திருந்தது. அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

குத்தகைக்காரனின் செடி ஒன்றைப் பிடுங்கி, தண்டைச் சாய்வாக வெட்டி, நூலில் கட்டித் தொங்கவிட்டேன். மூவரும் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தோம். எங்கள் இருவருக்கும் முட்டி மடங்க வெகுநேரம் ஆனது. கிளாஸை வெயிலுக்கு எதிரே வைத்தேன்.

"ஆட்டாத" என்றாள் அவள் அவனிடம்.

நூல் இறங்கியது. அதே மெதுவாக. அவள் கன்னம் தரையில் படுமளவு சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நோய் என்ன, எப்படிப் பரவும், அன்று அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்று முழுவதையும் அவனுக்குச் சொன்னேன், அவனுக்குச் சொல்வதுபோல அவளுக்குச் சொன்னேன்.

"எங்கப்பா கண்ண மூடிட்டு ஊத்துனாரு" என்றாள், தலையைத் தூக்காமலே.

"ஆமா. பாத்தேன்."

"தொறந்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது புள்ள. கலங்கல் தண்ணியாத்தான் தெரியும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"இதுக்கு மருந்து?" என்றான் குத்தகைக்காரன்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தில் என் அப்பாவின் முகம் ஏறத் தயாராக நின்றது. அந்த ஒற்றைச் சொல்லை அங்கே விட்டுவிட்டு என்னால் பஸ் ஏற முடியாது. "செத்தத எரிச்சிடு. அப்புறம் கேழ்வரகு போடு" என்றேன். "அப்புறமும் தக்காளிதான் வேணும்னா இந்தம்மாகிட்ட எந்த நர்சரின்னு கேளு. இது யாரும் உட்டதில்ல. எங்கப்பா வாங்கியாந்த நாத்துல வந்து இந்த மண்ணுல தங்கிட்டுது."

அவன் கைபேசியை எடுத்துக் கிளாஸைப் படம் பிடிக்க ஆரம்பித்தான்.

"ஊர் குரூப்புல போடறியா?" என்றாள் அவள்.

"போடறேங்க."

"வெறும் படம் போடாத. பேசிப் போடு. உங்க தாத்தாதான் அன்னைக்கி ஊத்தச் சொன்னாரு. நீ இன்னைக்கி சொல்லு."

அவன் கொஞ்சம் தயங்கினான். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கிளாஸுக்குப் பக்கத்தில் கைபேசியை வைத்துப் பேசினான். "இது நோவுங்க. செடிக்குள்ள இருந்து வருது, பாருங்க. யாரும் எதுவும் உடல. அந்தக் காலத்துலயும் யாரும் விசம் உடல." நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அவள் இன்னும் காத்திருந்தாள். அவன் மறுபடி பட்டனை அழுத்தி, அவளுடைய அப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் மேல் தப்பு இல்லை என்றான்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஊர் குரூப்பில் இருக்கிறது.

அவன் போனபின் அவள் கிளாஸை எடுத்தாள்.

"வெளிய ஊத்திடாத" என்றேன்.

"தெரியும் போ."

வீட்டுக்குள் போய், அந்தத் தண்ணீரை ஒரு பழைய அலுமினியப் பாத்திரத்தில் கொட்டி கேஸ் அடுப்பில் வைத்தாள். கொதித்துக் குமிழியிட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நான் சொல்லச் சொல்ல அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அது வற்றும்வரை நிறுத்தவில்லை. பிறகு கிளாஸைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீர் ஊற்றி அலசி, முந்தானையால் துடைத்தாள். நடைமுறைப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது, முந்தானையைத் தவிர.

"இந்தா, உங்கூட்டு கிளாஸு" என்று நீட்டினாள். நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள். "இரு. வெறுசா குடுக்கக்கூடாது. அம்மா கடைசி வரைக்கும் அதத்தான் சொல்லிட்டிருந்தா, சீம்பாலு ஊத்தித்தான் குடுக்கணும்னு. எங்கிட்ட மாடும் இல்ல, கன்னும் இல்ல."

ஃப்ரிட்ஜைத் திறந்து, பாக்கெட் பாலின் மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். காய்ச்சாத பால் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்லவில்லை.

பால் பச்சைக் கோடு வரை ஏறியது. கையில் வாங்கி, பழக்கதோஷத்தில் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். அடிவரைக்கும் வெள்ளையாக, ஒன்றும் இறங்காமல், அசையாமல் நின்றது. நான் குடித்து முடிக்கும்வரை அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.